எதிர்க்கட்சிகள் ஒன்று சேரும் செய்தி வந்தால் எப்படி எடைபோடுவது: ஒரு நாள்காட்டித் தாளும் பேனாவும் போதும்

2026 ஜனவரியில் ஜப்பானில் எதிர்க்கட்சிகளான அரசமைப்பு ஜனநாயகக் கட்சியும் கொமெய்த்தோவும் சேர்ந்து 'மையவாதச் சீர்திருத்தக் கூட்டணி' என்ற பெயரில் புதுக் கட்சி தொடங்கிய செய்தி வந்த வாரம், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அதுதான் பேச்சு. ஜப்பானைப் பற்றிப் பத்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டோம், பேச்சு நம் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. பெரியப்பா கேட்டார்: "ஏம்மா, அங்க முடியுது, இங்க இத்தனை சின்னக் கட்சி இருக்கே, இவங்க எல்லாரும் ஒண்ணா சேர்ந்தா என்ன?" அவர் பொத்தோங் பாசிர்வாசி. எதிர்க்கட்சிக்காரரான சியாம் சீ தோங் 1984 முதல் 2011 வரை அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காலம் முழுக்க அங்கேயே இருந்தவர். அவர் இப்படிக் கேட்டால் சும்மா தலையாட்டிவிட்டுப் போக முடியாது.

பிப்ரவரி 8-இல் ஜப்பானியத் தேர்தல் முடிவு வந்தது. பிரதமர் தாக்காய்ச்சியின் கட்சி கீழவையில் தனியாகவே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிடித்தது, புதுக் கூட்டணிக்கு ஐம்பது இடம்கூட வரவில்லை. மறுபடியும் பெரியப்பா வீட்டில் உட்கார்ந்து, பழைய நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் கோடு போட்டு, கூட்டணிச் செய்தி வந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்தோம். அந்தத் தாளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நீங்கள் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவராக இருந்தாலும் இது உதவும். ஒன்று சேர்கிறார்கள் என்று கேட்டதும் ஒரேயடியாகக் குதூகலிப்பதும் தவறு, "எல்லாம் நாடகம்" என்று ஒரே வரியில் ஒதுக்குவதும் தவறு என்று நான் நினைக்கிறேன்.

முதலில், தாளின் தலைப்பில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: இது இணைப்பா, கூட்டணியா, தொகுதி உடன்பாடா? நம் பேச்சில் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், பாதிச் சண்டை அதனால்தான் வருகிறது.

இணைப்பு என்றால் ஒரு கட்சி தன் பெயரையே விட்டுவிட்டு இன்னொன்றில் கரைவது. நம் ஊரில் அப்படி நடந்திருக்கிறது. 1961-இல் ஆளும் மக்கள் செயல் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய பாரிசான் சோசியலிஸ் 1988-இல் பாட்டாளிக் கட்சியோடு இணைந்தது. பாரிசானின் தலைவர் டாக்டர் லீ சியூ சோ அந்த ஆண்டுத் தேர்தலில் பாட்டாளிக் கட்சி அணியில் நின்று, தோற்ற பிறகு சிங்கப்பூரின் முதல் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினரானார் (தோற்ற எதிர்க்கட்சியினரில் அதிக வாக்கு வாங்கியவர்களுக்குத் தரப்படும் இடம் அது). அந்தக் கட்சிப் பெயர் அதோடு முடிந்தது. பெயரை விடுவது லேசான காரியம் இல்லை. அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் இருந்த கட்சி அது.

கூட்டணி வேறு. 2001-இல் சியாம் தலைமையில் உருவான சிங்கப்பூர் ஜனநாயகக் கூட்டணியில் நான்கு கட்சிகள் இருந்தன: சிங்கப்பூர் மக்கள் கட்சி, தேசிய ஒருமைப்பாட்டுக் கட்சி, சிங்கப்பூர் மலாய் தேசிய அமைப்பு, சிங்கப்பூர் நீதிக் கட்சி. வெளியே ஒரே பெயர், ஒரே சின்னம். உள்ளே நான்கும் அப்படியே தனித்தனியாக. மூன்றாவது வகையான தொகுதி உடன்பாட்டில் பெயரும் மாறாது சின்னமும் மாறாது, "நீ இந்தப் பக்கம் நில், நான் அந்தப் பக்கம் நிற்கிறேன்" என்று பேசிக்கொள்வதோடு சரி. தேர்தல் நெருங்கினால் இங்கே எதிர்க்கட்சிக்காரர்கள் கூடிப் பேசுவது இதற்காகத்தான்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், சட்டம் அதில் தலையிடுகிறது. குழுத்தொகுதி என்றால் பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நின்று ஒன்றாக ஜெயிக்கும் அல்லது தோற்கும் தொகுதி. அதில் நிற்கும் அணியில் எல்லாரும் ஒரே கட்சியின் சார்பாக நிற்க வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் சுயேச்சையாக நிற்க வேண்டும். இந்தக் கட்சியிலிருந்து இரண்டு பேர், அந்தக் கட்சியிலிருந்து மூன்று பேர் என்று அவரவர் சின்னத்தோடு ஒரே அணியாக நிற்க முடியாது. அதனால் "நாங்கள் நண்பர்கள், சேர்ந்து வேலை செய்வோம்" என்று மட்டும் அறிவித்தால், அது குழுத்தொகுதியில் எதற்கும் ஆகாது. கூட்டணியே ஒரு கட்சியாகப் பதிவாக வேண்டும், அல்லது ஒருவர் இன்னொருவரின் கட்சியில் உறுப்பினராகி நிற்க வேண்டும். அறிவிப்பில் பதிவு பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாளில் 'பதிவு: தெரியவில்லை' என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.

இரண்டாவது, சின்னம். வாக்குச்சீட்டு கையில் வரும்போது என்ன தெரிகிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வேட்பாளர் பெயர், படம், கட்சிச் சின்னம், பக்கத்தில் குறியிட ஒரு கட்டம். அவ்வளவுதான். செய்தியாளர் கூட்டத்தில் தலைவர்கள் கைகோத்து நின்ற படம் அங்கே இல்லை. எங்கள் பெரியம்மா தமிழ் மட்டும் படிப்பார். அவருக்குக் கட்சியின் ஆங்கிலப் பெயர் தெரியாது. மின்னல், சுத்தியல் என்று சின்னத்தைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். இருபது வருடம் பழகிய சின்னத்தை விட்டுவிட்டுத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் புதுச் சின்னத்தைக் கொண்டுவந்தால், அவரைப் போன்றவர்களுக்கு அதை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

இதைச் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து வீடான மலேசியாவில் 2018-இல் எதிர்க்கட்சிகளின் பக்கத்தான் ஹரப்பான் கூட்டணிக்குப் பதிவு கிடைக்கவில்லை. உடனே ஜனநாயக செயல் கட்சி தன் ராக்கெட்டை, அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்த ராக்கெட்டை, ஓரமாக வைத்துவிட்டுத் தீபகற்பத்தில் மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் நின்றது. மகாதீரின் கட்சியும் அதே சின்னத்தில்தான் நின்றது. அன்வார் சிறையில் இருந்தார், அவரைப் பதவியிலிருந்து தூக்கிய மகாதீர் அவருடைய கட்சியின் சின்னத்தில் போட்டியிட்டார். அந்தத் தேர்தலில் ஆட்சி மாறியது. 1977-இல் இந்தியாவில் ஜனதா கட்சியும் அப்படித்தான், புதிதாக ஒரு சின்னத்தை உருவாக்க நேரமில்லாமல் பாரதிய லோக் தளத்தின் உழவர் சின்னத்தையே எடுத்துக்கொண்டது. ஆகவே தாளில் எழுதுங்கள்: யாருடைய சின்னம், எத்தனை வருடம் பழகியது, எவர் தன்னுடையதை விட்டார்.

மூன்றாவதை நாங்கள் எழுதி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'விட்டது', வலப்பக்கம் 'பெற்றது'. ஒவ்வொரு கட்சிக்கும் இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள். ஏதாவது ஒரு கட்சிக்கு இடப்பக்கம் காலியாக இருந்தால் அந்தக் கூட்டணியில் பூசல் வரும் என்பது என் கணிப்பு.

ஜப்பானைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கொமெய்த்தோ 1999-இலிருந்து, இன்று தாக்காய்ச்சி தலைமை தாங்கும் லிபரல் ஜனநாயகக் கட்சியோடு கூட்டணியில் இருந்துவிட்டு 2025 அக்டோபரில் வெளியே வந்தது. மூன்று மாதத்தில் எதிரணியோடு புதுக் கட்சி. ஆனால் சேர்ந்தது யார்? கீழவை உறுப்பினர்கள். மேலவை உறுப்பினர்களும் உள்ளூர் மன்ற உறுப்பினர்களும் பழைய கட்சிகளிலேயே இருந்தார்கள். கொமெய்த்தோவின் பக்கத்து வேட்பாளர்கள் ஒருவர் மட்டுமே தேர்வாகும் தொகுதிகளை விட்டுக்கொடுத்துவிட்டு, கட்சிக்கு விழும் வாக்கு விகிதப்படி இடம் தரும் விகிதாசாரப் பட்டியலில் மேலே இடம் வாங்கிக்கொண்டார்கள். தாளில் அதை எழுதிப் பார்த்தால் விளங்கும், ஒருவர் விட்டது தோற்கக்கூடிய தொகுதி, பெற்றது கிட்டத்தட்ட உறுதியான இடம். மற்றவருக்கு வந்தது கூட்டணியின் பெயரில் கடினமான நேரடிப் போட்டி. நேற்றுவரை ஆளுங்கட்சிக்கு வாக்குக் கேட்ட தொண்டர், இன்று அதே வாசலில் அதே ஆளிடம் எதிரணிக்கு எப்படிக் கேட்பார்? அறிவிப்புக்கும் வாக்களிப்புக்கும் நடுவே ஒரு மாதம்கூட இல்லை.

நம் சிங்கப்பூர் ஜனநாயகக் கூட்டணிக்கும் இதே கணக்கைப் போடலாம். 2001 நவம்பர் தேர்தலில் அதற்குக் கிடைத்தது ஒரே இடம், பொத்தோங் பாசிர், சியாமுடையது. 2006-இலும் அதே ஒன்றுதான். தேசிய ஒருமைப்பாட்டுக் கட்சி 2007-இல் வெளியேறியது. 2011 பொதுத்தேர்தலுக்குள் சியாமின் சிங்கப்பூர் மக்கள் கட்சியே வெளியே வந்துவிட்டது, அவர் தொடங்கிய கூட்டணியில் அவரே இல்லை. பெரியப்பா இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அந்த ஆண்டு சியாம் பீஷான்-தோ பாயோ குழுத்தொகுதிக்குப் போனார், பொத்தோங் பாசிரில் அவர் மனைவி லீனா சியாம் 114 வாக்கில் தோற்றார். "எங்க புளோக்குலயே அத்தனை பேர் இருக்கோம்மா" என்பார். அந்தக் கூட்டணியின் பெயர் இன்னும் இருக்கிறது, 2025-இல் பாசிர் ரிஸ்-சாங்கி குழுத்தொகுதியில் நின்றது.

சரி, நான்காவது எண்கள். இங்கேதான் பெரியப்பாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. அவர் சொல்வது: வாக்குப் பிரிந்தால் ஆளுங்கட்சிக்கு லாபம், ஆகவே ஒன்று சேர வேண்டும். நான் சொன்னது: ஒவ்வொரு தொகுதியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். போட்டோம்.

2025-இல் தெம்பனிஸ் குழுத்தொகுதியில் நான்குமுனைப் போட்டி. மக்கள் செயல் கட்சி 52.02 விழுக்காடு, பாட்டாளிக் கட்சி 47.37. மற்ற இரண்டு கட்சிகளும் சேர்ந்தும் ஒரு விழுக்காட்டை எட்டவில்லை. அந்த இரண்டும் ஒதுங்கி நின்று, அவர்களுக்கு விழுந்த வாக்கு அத்தனையும் அப்படியே பாட்டாளிக் கட்சிக்குப் போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. 2015-இல் மெக்பர்சனில் மும்முனை, மூன்றாவது வந்தவருக்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. 2013 பொங்கோல் கிழக்கு இடைத்தேர்தலில் நான்கு பேர் நின்றும் பாட்டாளிக் கட்சியின் லீ லி லியன் பாதிக்கு மேல் வாங்கி ஜெயித்தார், கடைசி வேட்பாளருக்கு 168 வாக்கு. என்ன தெரிகிறது? கட்சிகள் ஒன்று சேராவிட்டாலும் வாக்காளர்களே ஒன்று சேர்ந்துவிடுகிறார்கள். யார் ஜெயிக்கக்கூடிய ஆள் என்று பார்த்து அவர் பக்கம் போய்விடுகிறார்கள்.

பெரியப்பா விடவில்லை. 2011 அதிபர் தேர்தலை எடுத்தார். நான்கு பேர் நின்றார்கள், டோனி டான் 35.20 விழுக்காட்டில் ஜெயித்தார், டான் செங் போக் 34.85. அங்கே பிரிந்தது முடிவை மாற்றியிருக்கலாம் என்பது நியாயமான வாதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல், யார் முன்னணியில் இருக்கிறார் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாத தேர்தல். ஆகவே கணக்குப் போடும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: ஜெயித்தவருக்கும் இரண்டாமவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, மூன்றாமவரின் வாக்கு அந்த இடைவெளியைவிடப் பெரிதா? பெரிதாக இருந்தால் மட்டுமே 'வாக்குப் பிரிந்தது' என்று சொல்லலாம். தேர்தல் துறையின் முடிவுகளை வைத்துக்கொண்டு நீங்களே கைப்பேசியில் கணக்குப் போட்டுவிடலாம், ஒரு தொகுதிக்கு இரண்டு நிமிடம்.

வாக்கைச் சேர்த்தால் இடமும் சேரும் என்று நினைப்பவர்கள் பிரிட்டனின் 1983 கணக்கையும் பார்க்க வேண்டும். லிபரல் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து நடுப்பாதைக் கூட்டணி அமைத்து 25.4 விழுக்காடு வாங்கின. தொழிற்கட்சிக்கு 27.6. கிட்டத்தட்ட சமம். இடங்களோ தொழிற்கட்சிக்கு 209, கூட்டணிக்கு 23. நாடெங்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிக் கிடந்த ஆதரவு பெரும்பாலான தொகுதிகளில் முதலிடம் பிடிக்கப் போதவில்லை. நம் ஊரிலும் அதே முறைதான், முதலில் வருபவருக்கு முழுத் தொகுதியும். குழுத்தொகுதியில் அது ஐந்து இடமாகக்கூட இருக்கலாம்.

தேர்தலில் நிற்பவர் கட்டும் வைப்புத்தொகையையும் மறக்காதீர்கள். 2025-இல் ஒரு வேட்பாளருக்கு 13,500 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). ஐந்து பேர் அணிக்கு 67,500. எட்டில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் திரும்பி வராது. தெம்பனிஸில் இரண்டு அணிகள் அப்படி இழந்தன. சிறு கட்சிக்கு அது பெரிய தொகை, தொண்டர்கள் பத்து இருபது வெள்ளியாகச் சேர்த்த பணம். அதை ஒரே அணியாக ஒரே இடத்தில் போட்டிருந்தால் எத்தனை துண்டுப்பிரசுரம், எத்தனை வீடு என்று எனக்குத் தோன்றும். கட்சிகள் சேர்வதால் வரும் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு, வாக்குப் பிரிவதைத் தடுப்பதில் அல்ல.

அதைவிடப் பெரியது ஆள்பலம். குழுத்தொகுதி அணியில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும், அவருக்குச் சமூகக் குழுவின் சான்றிதழ் வேண்டும். தொகுதியைப் பொறுத்து மலாய்ச் சமூகத்தவர், அல்லது இந்திய, பிற சிறுபான்மைச் சமூகத்தவர். இந்த ஒரு ஆளைத் தேடி வேட்புமனுத் தாக்கலுக்கு முந்தின நாள்வரை சிறு கட்சிகள் அலைவது எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்படிக் கடைசி நிமிடத்தில் பிடித்துவரப்பட்டவர் நம் சமூகத்து ஆளாக இருக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எண்ணிக்கைக்காக நிற்க வைக்கப்பட்டவராக அவரை நாம் பார்க்கும் நிலை வரக்கூடாது. எனவே கூட்டணி அறிவிப்பு வந்தால் இதைத் தேடுங்கள்: தமிழ் பேசும் வேட்பாளர் யார், அவர் எத்தனை வருடமாகத் தொகுதியில் வீடுவீடாகப் போகிறார், கூட்டணியின் முடிவெடுக்கும் குழுவில் அவருக்கு இடம் இருக்கிறதா?

ஐந்தாவது, 'மையம்' என்ற சொல். "இடதும் இல்லை, வலதும் இல்லை, நாங்கள் நடுவில்" என்று சொல்வது எளிது. எதற்கு நடுவில் என்று கேளுங்கள். பொருள் சேவை வரி எவ்வளவு இருக்க வேண்டும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் விலையில் நில மதிப்பைச் சேர்ப்பதா வேண்டாமா, மத்திய சேமநிதியை எந்த வயதில் எவ்வளவு எடுக்கலாம், வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கை, மரண தண்டனை. இந்த ஐந்தையும் தாளில் எழுதி, சேரும் ஒவ்வொரு கட்சியும் கடைசித் தேர்தல் அறிக்கையில் என்ன சொன்னது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாத இரண்டில் கூட்டணி என்ன செய்யப்போகிறது என்று வெளிப்படையாகச் சொன்னால் இன்னும் நல்லது. மௌனமாக இருந்தால்தான் ஆபத்து. பிரிட்டிஷ் கூட்டணி 1986-இல் அணு ஆயுதத்தில் முட்டிக்கொண்டது. ஜனதா கட்சியின் ஆட்சி 1979-இல் கவிழ்ந்ததற்கு, அதில் இணைந்திருந்த பழைய ஜனசங்கத்தினர் ஆர்எஸ்எஸ் உறவை விடலாமா கூடாதா என்ற சண்டை ஒரு முக்கியக் காரணம். இரண்டு விஷயமும் சேர்ந்த அன்றே எல்லாருக்கும் தெரிந்தவைதான், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தார்கள்.

கடைசியாக நாள்கணக்கு. சேர்ந்த தேதி, அடுத்த தேர்தல் வர வாய்ப்புள்ள காலம், இரண்டையும் எழுதுங்கள். இங்கே 2023-இல் உருவான சீர்திருத்தத்திற்கான மக்கள் கூட்டணிக்கு 2025 மே 3 பொதுத்தேர்தல் வரை நேரம் இருந்தது. ஆனால் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு மக்கள் சக்திக் கட்சி வெளியே போய்விட்டது, போய்த் தெம்பனிஸில் அந்த நான்குமுனைப் போட்டியில் நின்றது. பொத்தோங் பாசிரில் சிங்கப்பூர் மக்கள் கட்சியும் இந்தக் கூட்டணியும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன, சியாமின் பழைய தொகுதியில். பெரியப்பா அன்று வாக்களித்துவிட்டு வந்து யாரிடமும் பேசவில்லை. ஆக, நேரம் இருந்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் கூட்டணி ஒரு தொகுதியிலாவது ஒரே பெயரில், ஒரே சட்டை நிறத்தில், தேர்தல் இல்லாத மாதத்தில் வீடுவீடாகப் போனதா என்று பாருங்கள். உங்கள் புளோக்கிலேயே பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

தாளை மடித்து அடையாள அட்டை வைக்கும் உறையில் வையுங்கள், தொலைத்துவிடாமல். ஆறு மாதம் கழித்து எடுத்து 'விட்டது, பெற்றது' பத்தியை மட்டும் மறுபடி நிரப்புங்கள், வேறு நிற மையில். எங்கள் தாளில் நீல மையில்தான் எல்லாம் இருக்கிறது. சிவப்புப் பேனாவைப் பெரியப்பா தொலைக்காட்சி மேசை இழுப்பறையில் எடுத்து வைத்திருக்கிறார்.